உலக வாணிபச் சங்கிலியில் நமது ஸ்தானம்

(நமது சங்கத்தின் ஆண்டு மகாசபையில் வாசிக்கப்பெற்ற உபந்நியாசம்)



இன்றைய நிகழ்ச்சிக் குறிப்பில் எமது உபந்நியாசத்துக்கு அடுத்து நிற்கும் விஷயம் யாதென்பதை நீங்கள் அறிவீர்கள். நம் சங்கத்துக் கட்டிட நிதி முழுவதையும் கொண்டு இரண்டாவதாக ஒரு கல்யாண மண்டபம் எழுப்புவதா, அன்றி அந்நிதியில் ஒரு பகுதியையேனும் நம்மவரின் தொழில் விருத்திக்கு ஒதுக்குவதா என்பதே அது. யாம் பிந்திய கட்சியைச் சேர்ந்தவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நடுநிலை வகிப்பவர் போலப் பேசிவிட்டு முடிவில் கையை நீட்டுவது எமக்குப் பழக்கமில்லை.

“தொழில் விருத்தி என்பது என்ன? ஏழைகளுக்குத் தையல் மிஷின் வாங்கிக் கொடுப்பதுதானே?” என்று சென்ற மாதத்து நிர்வாக சபையில் ஒரு பெரியவர் வினவினார். நல்ல கேள்விதான். ஆனால் மிஷின் நம்மவரிடத்தில் வேண்டிய மட்டும் உண்டு. பலருடைய வீட்டில் அது துணி போர்த்தி மூலையில் நிற்கவும் காண்கிறோம். நம்மிடம் இல்லாதது வேறொன்று. அதை விளக்கவே இந்தப் பனியனைக் கையில் கொணர்ந்திருக்கிறோம். முன் வரிசையிலுள்ள தாய்மார்கள் இதைக் கைமாற்றிப் பார்க்கலாம்.

இதன் கழுத்துப் பட்டியில் ‘இந்தியாவில் செய்யப்பட்டது’ என்று மாத்திரம் எழுதியிருக்கிறது. இதன் ஜாதகத்தைக் கணித்தால் அவ்வளவு சுருக்கமாய் முடியாது. பஞ்சு குஜராத்தில் விளைந்த சங்கர்-6 என்னும் ரகம். நூல் கோயமுத்தூர் மில்லில் நூற்றது. பின்னிய மிஷின் ஜெர்மனியில் செய்தது. தைத்த மிஷின் ஜப்பானில் செய்தது. தையல் நூலோ ஸ்காட்லாந்தில் பிறந்த கோட்ஸ் கம்பெனியாருடையது. தைத்த பெண் ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவள். இதே உருப்படியிற் சேர்ந்த மற்றப் பனியன்கள் பெட்டியில் அடைபட்டுத் தூத்துக்குடித் துறைமுகம் சென்று, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பாவில் இறங்கின. இத்தனை யாத்திரையும் நடக்குமுன்னரே, இதன் வண்ணம் எது, அளவு எது, விலை எது, எந்த வாரத்திற் கடைக்கு வரவேண்டும் என்னும் நான்கும் அந்தத் தூர தேசத்து மேஜையொன்றில் முடிவாகிவிட்டன. பஞ்சு நூலாகுமுன்பே பனியனுக்கு விலை எழுதியாயிற்று என்க.

இவ்வாறு ஒரு பொருள் பல தேசங்களிற் பல கைகள் மாறி, கைதோறும் சிறிது மதிப்பு ஏறி, கடைசியில் உடுப்பவனைச் சென்றடையும் ஒழுங்கையே பொருளியல் நூலார் உலக மதிப்புச் சங்கிலி என்கின்றனர். கேரி கெரெஃபி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1994ஆம் வருஷத்தில் இச்சங்கிலிகளை இரண்டாக வகுத்தார். மோட்டார் வண்டி போன்றவற்றில், செய்கிற பெரிய கம்பெனியே சங்கிலியின் தலையைப் பிடித்திருக்கும். துணி, செருப்பு, விளையாட்டுப் பொம்மை ஆகியவற்றிலோ, செய்பவனிடத்தில் தலை இல்லை. வாங்கி விற்பவனே அதைப் பிடித்திருப்பான். அவனுக்குச் சொந்தத்தில் ஒரு தையல் மிஷினும் இராது. பெயர் இருக்கும், கடை இருக்கும், எதை விரும்பி ஜனங்கள் அடுத்த வருஷம் வாங்குவார்கள் என்ற அறிவு இருக்கும். அவ்வளவே. அவ்வளவும் போதுமானதாயிருக்கிறது.

எவ்வளவு போதுமானது என்பதற்குக் கணக்கு உண்டு. வங்க தேசத்தில் தைத்து ஐரோப்பாவில் 29 யூரோவுக்கு விற்ற ஒரு பனியனின் விலையைப் பிரித்து, அங்குள்ள தொழிலாளர் நல அமைப்புகள் சில வருஷங்களுக்கு முன் ஒரு விவரம் வெளியிட்டன. அந்த 29 யூரோவில் சில்லறைக் கடையின் பங்கு 17 யூரோ. பெயருக்கு உடையவனாகிய கம்பெனியின் லாபம் 3.61. துணி முதலிய சாமான்களுக்கு 3.40, கப்பல் கூலி முதலியவை 2.19, நடுவிலிருக்கும் ஏஜண்டுக்கு 1.20. தைத்த பாக்டரியின் லாபம் 1.15, அதன் இதரச் செலவு 0.27. தைத்தவளின் கூலி 0.18 யூரோ. நூற்றுக்கு ஒன்று கூட முழுமையாக இல்லை. கடையின் பங்கில் வாடகையும் வரியும் அங்குள்ள சிப்பந்திகளின் சம்பளமும் அடக்கம் என்பதை நாம் மறக்கலாகாது. அது அத்தனையும் லாபமன்று. ஆயினும் கூலியையும் பாக்டரியின் லாபத்தையும் அதன் செலவையும் ஒன்றாய்க் கூட்டினாலும் இரண்டு யூரோ தேறவில்லை. நம்மவருடைய உலகம் முழுவதும் அந்த இரண்டு யூரோவுக்குள் அடங்கியிருக்கிறது. அதற்குள்ளேதான் நாம் ஒருவரையொருவர் முண்டியடித்துக்கொண்டிருக்கிறோம்.

தைவான் தேசத்தில் ஏஸர் என்னும் கம்ப்யூட்டர் கம்பெனியை நிறுவிய ஸ்டான் ஷீ என்பவர் 1992ஆம் வருஷத்தளவில் இந்த நிலையை ஒரு கோட்டுப் படமாக வரைந்து காட்டினார். இடது ஓரத்தில் ஆராய்ச்சியும் வடிவமைப்பும். வலது ஓரத்தில் பெயரும் விற்பனையும். நடுவில் செய்தலும் பொருத்தலும். மதிப்பு இரண்டு ஓரங்களிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருப்பதால் அப்படம் சிரிக்கும் வாய் போலத் தோன்றும். சிரிப்பவர் யார் என்று மட்டும் அப்படத்திற் குறிக்கவில்லை. நடுவில் நிற்பவர் சிரித்து யாம் கண்டிலோம்.

இது இக்காலத்து நோய் என்று சிலர் கருதுகின்றனர். அன்று. நம் முன்னோர் தறியிலிருந்த காலத்திலேயே இச்சங்கிலி சோழமண்டலக் கரையைச் சுற்றியிருந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர், சென்னையிலும் கடலூரிலும் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் என்று வாங்குவோர் பலர் வந்து கிடந்தனர். சீமையிலிருந்து மாதிரித் துணி வரும். அதற்கு மஸ்டர் என்று பெயர். தரகர் மூலம் முன்பணம் வரும். நெய்த துணியை மஸ்டரோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வாததைக் கழித்துத் தள்ளுவர். இன்றைக்கு ‘சாம்பிள் அப்ரூவல்’ என்றும் ‘ரிஜெக்ஷன்’ என்றும் நம் பிள்ளைகள் சொல்வது யாவும் அன்றைய மஸ்டரின் பேரப்பிள்ளைகளே.

ஆனால் ஒரு வித்தியாசத்தை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அக்காலத்து வழக்கப்படி, முன்பணம் வாங்கிய நெசவாளன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். பணம் கொடுத்த வியாபாரிக்கோ அதைத் திருப்பிக் கேட்டு விலகும் உரிமை இல்லை. சரித்திர ஆசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி இதைக் கம்பெனியின் தஸ்தாவேஜுகளிலிருந்தே எடுத்துக் காட்டியிருக்கிறார். வாங்குவோர் பலர் இருந்ததாலும், தறியைத் தூக்கிக்கொண்டு வேறு சீமைக்குப் போக இடம் இருந்ததாலும் நெசவாளனுக்கு அந்த வலிமை வாய்த்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜ்யாதிகாரம் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனதும், போட்டிக்காரர் ஒடுங்கினர். நெசவாளன் வேறொருவருக்கு விற்கலாகாதென்று தடை வந்தது. தறி அதே தறி. கைத்திறனும் அதே கைத்திறன். ஸ்தானம் மாத்திரம் கீழே இறங்கிவிட்டது. சங்கிலியில் ஒருவனுக்கு மிஞ்சுவது அவன் கைத்திறனை மட்டும் பொறுத்ததன்று, வேறு போக்கிடம் அவனுக்கு உண்டா என்பதையே பெரிதும் பொறுத்தது என்று யாம் சொல்வதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை.

இன்னொரு கதை சற்று வேடிக்கையானது. 1958ஆம் வருஷத்தில் அமெரிக்காவிலிருந்து வில்லியம் ஜேக்கப்ஸன் என்னும் துணி வியாபாரி சென்னைக்கு வந்து, பின்னர் லீலா ஹோட்டல்களை நிறுவிய காப்டன் கிருஷ்ணன் நாயரிடம் சென்னைக் கட்டத் துணி வாங்கிச் சென்றார். சாயம் கசியும், குளிர்ந்த நீரில் மெல்ல அலசவேண்டும் என்று நாயர் எச்சரித்தாராம். நியூயார்க்கில் துணியை வாங்கிய புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கோ அவர்களுடைய வாடிக்கைக்காரருக்கோ அவ்வெச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வெளுத்த சட்டைகள் திரும்பி வந்தன. வழக்குப் போடுவதாக வக்கீல்களும் வந்தனர். அச்சமயம் ஒரு பத்திரிகையில் இத்துணியின் புகழ் வேறு விதமாக வெளிவந்தது. ஒவ்வொரு சலவையிலும் வண்ணம் கலந்து புதுத் துணியாகும் அதிசயம் என்று! ‘சாயம் கசியும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரமாயிற்று; துணி அமோகமாக விற்றது. இது நாயரே சொல்லிவந்த வரலாறு. குற்றமாயிருந்த ஒன்றைக் குணமாக்கி விலை ஏற்றியது தறியன்று, சொல். அந்தச் சொல் எழுந்த இடம் நம்முடையதன்று. கதையில் நெசவாளனுடைய பெயர் ஓரிடத்திலும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இனித் திருப்பூருக்கு வருவோம்.

உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் செய்துகொண்டிருந்த அவ்வூருக்கு, 1978ஆம் வருஷத்தில் இத்தாலியிலிருந்து ஒரு வணிகர் பம்பாய் வழியாகத் தேடி வந்தார். 1985இல் அவ்வூரின் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 2024-25ஆம் வருஷத்தில் அது 40,000 கோடியை ஒட்டியது. இதை மெச்சாமலிருக்க யாராலும் ஆகாது. எழுத்தறிவு சொற்பமாயிருந்த குடியானவரும் தறிக்காரரும் இதைச் செய்தார்கள். எப்படி? ஒரே கூரையின்கீழ்ப் பெரிய பாக்டரி கட்டியன்று. பின்னல் ஒருவரிடம், வெளுப்பு ஒருவரிடம், சாயம் ஒருவரிடம், காம்பாக்டிங் ஒருவரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்ன், பாக்கிங் என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, நாலு மிஷின் வைத்திருப்பவனும் ஒரு துண்டைச் செய்யலாம் என்று ஆக்கினர். பெரிய சங்கிலிக்குள் ஆயிரம் சின்னஞ்சிறு கண்ணிகள்! யாமும் 1991ஆம் வருஷத்தில் நாலு மிஷினோடு அதில் ஒரு கண்ணியானோம். மாமனார் அடகு வைத்துக் கொடுத்த நகையும், பங்காளிகள் எடுத்துக் கொடுத்த சீட்டுப் பணமும்தான் முதல். பாங்கிக்காரர் அன்றைக்கு எம்மை உட்காரவும் சொல்லவில்லை. உறவின் நம்பிக்கையே நம்மவருக்குப் பாங்கியாயிருந்தது என்பதைச் சங்கத்தார் நினைவில் வைக்க வேண்டுகிறோம். மேலே சொல்லப்போவது அதைப் பற்றியதே.

1974 முதல் நடைமுறையிலிருந்த பல இழை ஒப்பந்தமும் அதன் பின் வந்த ஏற்பாடும் ஒவ்வொரு தேசத்துக்கும் இவ்வளவு துணிதான் என்று அளவு கட்டியிருந்தன. அந்தக் கோட்டா 2004ஆம் வருஷ முடிவோடு ஒழிந்தது. அதன்பின் எந்த நாட்டில் மலிவோ அங்கே வாங்கலாம். வாங்குவோர் ஒரு கையில் நம் விலையையும் மறு கையில் வங்க தேசத்து விலையையும் வைத்துக்கொண்டு பேசலாயினர். யாமும் விலையைக் குறைத்தோம். குறைத்ததை எங்கே சரிக்கட்டினோம்? கீழே இருந்த கண்ணியிடத்தில்.

எம் வாழ்வில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். 2020ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கொள்ளை நோயால் உலகமெங்கும் கடைகள் அடைபட்டன. எமது ஸ்தாபனத்தில் ஏற்றுமதிக்குக் கட்டி முடித்த பெட்டிகள் கூரை முட்ட நின்றன. அவற்றைக் கேட்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனி ஒரே கடிதத்தில் ஆர்டரை ரத்துச் செய்தது. அதற்கு முன் கப்பலேறிய சரக்குக்கும் பணம் நிறுத்தப்பட்டது. பாங்கியின் எல்.ஸி. இருந்திருந்தால் வழக்காடலாம், சரக்குப் போய்ச் சேர்ந்து 90 நாளில் பணம் என்னும் வாய்ப்பேச்சு ஏற்பாட்டை, போட்டிக்கு அஞ்சி, யாமே ஒப்புக்கொண்டிருந்தோம். கட்டி வைத்த சரக்கைக் கழுத்துப் பட்டி அறுத்துக் காதர்பேட்டையில் எடைக் கணக்கில் விற்றோம். கப்பலேறிய சரக்குக்குப் பணம் ஏழு மாதம் கழித்து, கால் பங்கு பிடித்தம் போக வந்தது.

எமக்குத் தையல் செய்து கொடுத்தவர் பங்காளி முறையில் எமக்குத் தம்பி. பன்னிரண்டு மிஷின் வைத்துப் பவர் டேபிள் நடத்திவந்தார். எமக்குப் பணம் வரட்டும், தருகிறோம் என்று அவரை நிறுத்தி வைத்தோம். அவர் நாலு மிஷினை விற்றார். பிறகு மனைவியின் நகையை விற்றார். எம்மிடம் வந்து கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்படுகையில் மாத்திரம், “அண்ணா, அந்த வெளிநாட்டான் உங்களுக்கு எப்படியோ, நீங்கள் எனக்கு அப்படி” என்றார். அவர் இப்பொழுது இம்மண்டபத்தில்தான் அமர்ந்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம்.

கொள்ளை நோயின்மேல் பழியைப் போட்டு ஆறுதல் கொள்ளலாம் என்றிருந்தோம். பின்னர் ஒருநாள் பட்டுவாடாக் கணக்கைப் புரட்டினோம். 2020க்கு முன், வியாபாரம் செழித்த வருஷங்களிலும், அவருக்கு யாம் பணம் தந்தது பெரும்பாலும் நாலு மாதம் கழித்தே. எமக்குப் பணம் வந்து பாங்கியிலிருந்த நாட்களிலும் அப்படியே. உறவினர்தானே, பொறுப்பார் என்பதே எம் எண்ணமாயிருந்தது. உறவின் நம்பிக்கை என்று சற்றுமுன் பெருமையோடு சொன்னோமே, அதை வட்டியில்லாக் கடனாக எடுத்து வெளிநாட்டானுக்குத் தள்ளுபடி கொடுத்திருக்கிறோம்.

இவ்வாறு பாரம் கீழே இறங்குவதற்கு நொய்யல் ஆறும் ஒரு சாட்சி. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு வந்து தேங்கியது. அணையைத் திறக்கவேண்டா என்று விவசாயிகளே முறையிடும் விபரீதம் நேர்ந்தது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போயினர். 2011ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டு எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நம்மவரில் பட்டறை வைத்திருந்தவரும் உண்டு. ஆற்றோரத்தில் நிலம் வைத்திருந்தவரும் உண்டு. ஒரே கல்யாணப் பந்தியில் இரு கட்சியாரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது எமக்கு நினைவிருக்கிறது. பேச்சு மட்டும் இல்லை. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்தி செய்து மறுபடி உபயோகிக்கும் முறை அதன்பின்னரே திருப்பூரில் நிலைத்தது. அந்தச் செலவில் சாயக்கூலி ஏறியது. எமக்கு ஆர்டர் கொடுத்துவந்தவர் எவரும் அதற்காகப் பனியன் விலையில் ஒரு காசு ஏற்றவில்லை. பல வருஷங்களுக்குப் பின், அதே சுத்திகரிப்பை அவர்கள் தங்கள் விளம்பரத்திற் போட்டுக்கொண்டனர்.

2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 27ந் தேதி முதல் நம் நாட்டுச் சரக்கின்மேல் அமெரிக்கா விதித்த கூடுதல் வரி நூற்றுக்கு 50 ஆயிற்று. திருப்பூர்ச் சரக்கில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அத்தேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வரியில் பாதியை நீ தாங்கு என்று வாங்குவோர் கேட்டபொழுது, அமெரிக்கா ஒன்றையே நம்பியிருந்தவர் தலையசைத்தனர். இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் வியாபாரம் வைத்திருந்தவர் சற்றுப் பொறுத்துப் பேசினர். அவ்வரி பின்னர் எத்தனை முறை மாறினும், அந்த ஆகஸ்டு மாதத்துப் பேச்சை நாம் மறக்கலாகாது. பழைய நெசவாளனுக்கு டச்சுக்காரன் இருந்தான். இவர்களுக்கு யார் இருந்தனர்?

ஆகையால், சங்கிலியை விட்டு ஓடிவிடலாம் என்பது எமது கட்சியன்று. அதில் நம்மவர் சோறு இருக்கிறது. சங்கிலிக்குள்ளே ஏறுவது எப்படி என்பதே கேள்வி. அதே பனியனைக் குறைந்த சேதத்தில் செய்வது ஒரு படி. இதை நம்மவர் ஓரளவு அறிவர். கடினமான பனியனைச் செய்வது அடுத்த படி. உலகில் உண்டாகும் நூலில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் ஆகிவிட்டிருக்க, நாமோ பருத்தியையே கட்டிக்கொண்டு, கோடைச் சரக்கு முடிந்ததும் குளிர்காலம் முழுவதும் மிஷினைத் துடைத்து வைக்கிறோம். இவ்விரண்டுக்கும் மேற்பட்டது, வேலையையே மாற்றிக்கொள்வது. சொன்னதைத் தைப்பவனாக இராமல், எதைத் தைக்கலாம் என்று சொல்பவனாவது. வேட்டியைத் தம் பெயரிட்டு நாடெங்கும் விற்கும் ராம்ராஜ் கம்பெனி திருப்பூரில் பிறந்ததே. ஆனால் உள்நாட்டுச் சந்தையில் பெயர் நாட்டுவது ஒன்று; அயல் தேசத்தில் நாட்டுவது வேறு. அதற்குக் கொட்டும் பணம் நம் சங்கத்திடம் இல்லை. இருப்பதாகச் சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டோம். எட்டக்கூடிய படி ஒன்று இடையில் இருக்கிறது.

நம் குலத்துப் பெண் ஒருத்தி, தறிக்காரர் மகள், திருப்பூரிலேயே பின்னலாடை வடிவமைப்புப் படித்தவள், எமது ஸ்தாபனத்தில் சாம்பிள் பிரிவுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத் தையலை இரண்டு விரற்கடை முன்னே தள்ளினால், வெட்டும்போது மார்க்கரில் துணிச் சேதம் குறையும், உடுப்பும் இடுப்பில் நன்றாக உட்காரும் என்று இரண்டு மாதிரிகள் தைத்து அனுப்பினாள். எம்மிடம் அனுமதியும் கேட்கவில்லை. யாம் கோபித்துக்கொண்டோம். அவர்கள் கோபிக்கவில்லை, இரண்டாவது மாதிரியை எடுத்துக்கொண்டு, அடுத்த பருவத்துப் படங்களை முடிவு செய்யுமுன்னரே அவளிடம் காட்டத் தொடங்கினர். படம் முடிவாகுமுன் கேட்கப்படுபவருக்கு விலை பேசவும் வாய் உண்டு. முப்பது வருஷ வியாபாரத்தில் விலையை முதலில் யாம் சொல்லி அவர்கள் யோசித்தது அதுவே முதல் தடவை. அவ்வாறு படித்த பெண்கள் நம் குலத்தில் எத்தனை பேர் என்று விசாரித்தால், விரல்கள் மிஞ்சுகின்றன.

எனவே யாம் கோருவது இது. கட்டிட நிதியில் மூன்றிலொரு பங்கை ஒதுக்குக. அதில் வருஷந்தோறும் சில பெண்களையும் பிள்ளைகளையும் வடிவமைப்பும் அயல்நாட்டு வாணிபமும் படிக்கவைக்கலாம். சிறு முதலுடையவர் ஒவ்வொருவரும் தனித்து வைக்க இயலாத சாம்பிள் அறையைச் சங்கத்தில் பொதுவாக வைக்கலாம். எஞ்சியதைச் சுழல் நிதியாக்கி, ஜாப் ஒர்க் செய்த நம்மவரின் பில்லுக்குச் சங்கம் உடனே பணம் கொடுத்துவிட்டு, வேலை வாங்கிய முதலாளியிடம் பின்னர் வசூலித்துக்கொள்ளலாம். வசூலாகுமா என்று கேட்பீர்கள். சட்டம் இவ்விஷயத்தில் நமக்குத் துணையாகவே இருக்கிறது. 2006ஆம் வருஷத்துச் சிறுதொழிற் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு ஸ்தாபனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள்ளும், இல்லையேல் 15 நாளுக்குள்ளும் பணம் தரவேண்டும். 2024ஆம் வருஷம் ஏப்ரல் முதல் வருமானவரிச் சட்டமும் சேர்ந்துகொண்டது. அக்கெடு தாண்டிப் பாக்கி வைத்த தொகையை, கொடுத்துத் தீர்க்கும் வரையில், செலவாகக் கழித்துக்கொள்ள இயலாது. ஆனால் உத்யம் பதிவு இல்லாதவருக்குச் சட்டம் காது கொடாது. நம்மவரில் பவர் டேபிள் வைத்திருப்போர் பலரிடம் அப்பதிவே இல்லை. சங்கத்துக் குமாஸ்தா ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடியும் காரியம் அது. இதற்கு நிதியும் வேண்டா.

மண்டபம் கட்டினால் வாடகை வரும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இருக்கும் மண்டபம் சென்ற வருஷத்தில் எத்தனை நாள் பூட்டிக்கிடந்தது என்பதைக் காரியதரிசி அவர்கள் வாசிக்கப்போகும் அறிக்கையிலே காண்பீர்கள். முகூர்த்த நாளில் இடம் கிடைக்கவில்லை என்பது மெய்; ஆடியிலும் மார்கழியிலும் அதிற் பூனை உறங்குகிறது என்பதும் மெய்.

இன்னொன்று. வேலை வாங்குபவர் தாமதித்தால் சங்கத்து மாசிகையில் அவர் பெயரைப் பிரசுரிக்க வேண்டும் என்று இளைஞர் சிலர் எம்மிடம் சொல்கின்றனர். அது குலத்துக்குள் பிளவு உண்டாக்கும் என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது; யாம் இன்னும் தெளியவில்லை. பெயர் பிரசுரிப்பதென்றால் முதல் பெயர் எம்முடையதாய் இருக்கவேண்டும் என்பது மாத்திரம் தெளிவு. அதற்காகவே 2016 முதல் 2020 முடிய எமது பட்டுவாடாக் கணக்குப் புத்தகங்களை அக்கிராசனர் மேஜைமேல் வைத்திருக்கிறோம். தம்பியின் கணக்கு வரும் பக்கங்களில் சிவப்புக் காகிதம் செருகியிருக்கிறது. தீர்மானம் ஓட்டுக்கு விடப்படுமுன் அரைமணி இடைவேளை உண்டு என்று காரியதரிசி அவர்கள் தெரிவிக்கிறார்கள். பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.